கோசோங் ரத்தம்

என் ரத்தத்தில் ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொள்ளைப் பெருமை. புது லேப் கோட்டு மாட்டிக்கொண்டு, பாக்கெட்டில் பேனாவைக் குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று யோசிக்கிறீர்கள். பொறுங்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தது உங்கள் தப்பு. இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, குழாயில் எப்படிப் பெயர் ஒட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி. அதற்கு என் ரத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் லேப். அங்கே எங்களுக்கு ஒரு சீஃப் இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னது தெரிந்தால் போன் போட்டுத் திட்டுவார். குள்ளமான அம்மா. குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலை செய்ய ஆரம்பித்துவிடுவோம். எதையும் லேசில் நம்ப மாட்டார். கடையில் காபிக்குச் சர்க்கரை போட்டாயிற்று என்று சொன்னால்கூடக் கலக்கிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

தட்டம்மைக்காக நம்மிடம் வருகிற ரத்தத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். இந்த உடம்பில் தட்டம்மையை எதிர்க்கிற ஆன்டிபாடி இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அந்த ஆளுக்குக் கவலை இல்லை. நோயாளிகளின் ரத்தத்தோடு, விடை ஏற்கனவே தெரிந்த இரண்டு மாதிரிகளையும் சேர்த்து ஓட்டுவோம். ஒன்றில் ஆன்டிபாடி இருக்கும், மற்றதில் இருக்காது. கன்ட்ரோல் என்று சொல்கிறோமே, அது இதுதான். அந்த இரண்டும் சரியாக வந்தால் மற்ற முடிவுகளையும் நம்பலாம். பரிசோதனைச் சாமான் அடங்கிய கிட்டைச் செய்கிற கம்பெனியே அந்த இரண்டையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடும்.

சீஃபுக்கு அங்கேதான் உறுத்தல். அப்பாவே கேள்வித்தாள் எழுதி, அப்பாவே பிள்ளைக்கு மார்க்கும் போட்டால் பிள்ளை பாஸாகாமல் என்ன செய்யும் என்பார். கம்பெனி அனுப்புகிற 'இல்லாத' மாதிரி சுத்தமாக வடிகட்டி எடுத்தது. நிஜ மனிதனின் ரத்தத்தில் இருக்கிற ஆயிரத்தெட்டுக் கசடு அதில் இருக்காது. ஆகவே ஆன்டிபாடி இல்லாத ஒரு நிஜ ஆளின் ரத்தம் தனக்கு வேண்டும் என்று கிளம்பிவிட்டார். லேப்பில் இருந்த அத்தனை பேரிடமும் சம்மதம் கேட்டு ஆளுக்கொரு குழாய் எடுத்தார். எங்கள் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதிலேயே தட்டம்மை வந்து போயிருந்தது. இளையவர்கள் ஊசி போட்டுக்கொண்டவர்கள். எல்லாருக்கும் இருந்தது, எனக்கு மட்டும் இல்லை.

நான் டெங்கில் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். வீட்டில் ஐந்து பிள்ளைகள். மற்ற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக வேப்பிலையில் படுத்து எழுந்தார்கள். எனக்கு மட்டும் வரவே இல்லை. எப்படித் தப்பினேன் என்று இன்றுவரை தெரியாது, எங்கள் அம்மா மட்டும் என் வாய்க்குப் பயந்துதான் அது கிட்டே வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு சீஃப் ஓடி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். கீழேயிருந்து எல்லாருக்கும் டீ வந்தது, கூடவே ரொட்டி கோசோங். உள்ளே முட்டை, வெங்காயம் எதுவும் வைக்காத வெறும் ரொட்டி, உங்களுக்குத் தெரியும். தட்டைப் பார்த்த ஒருவர், அப்புறம் என்னைப் பார்த்து, 'இதோ இன்னொரு கோசோங்' என்றார். அவ்வளவுதான், ஃப்ரீசரில் போன என் ரத்தத்துக்கு அதுவே பெயராகிவிட்டது.

சில வாரங்களில் சீஃப் என்னிடமிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்து, சின்னச் சின்னக் குப்பிகளில் சொட்டுச் சொட்டாக உறைய வைத்தார். அது முடிந்த கையோடு, லேப்பில் வேலை செய்கிறவன் எதிர்ப்பு இல்லாமல் திரியக் கூடாது என்று எனக்குத் தட்டம்மை ஊசியும் போடவைத்துவிட்டார். ஆக, இப்போது என் உடம்பில் ஓடுவது உங்களைப் போலச் சாதாரண ரத்தம். அசல் சரக்கு ஃப்ரீசரில் இருந்ததுதான். எப்போது புது கிட் பெட்டியைத் திறந்தாலும் முதல் ஓட்டத்தில் ஒரு குப்பி கோசோங்கும் ஓட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, சில வருஷங்களில் அவர் ஓய்வு பெற்றுப் போனார்.

நான் சீனியர் ஆனேன். குப்பிகள் குறைந்துகொண்டே வந்தன. எனக்குத் தானம் தருமம் எல்லாம் உண்டு, ஆனால் என் ரத்த விஷயத்தில் மட்டும் மகா கஞ்சனாகிவிட்டேன். யாராவது ஃப்ரீசரைத் திறந்தால் போதும், எதற்கு, ஏன், எவ்வளவு நேரம் என்று பின்னாலேயே போய் நிற்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை பரிசோதனையில் இருந்தவள் ஷாலினி. செலாயாங்கிலிருந்து வருகிற பெண். கை வேகம், வாய் அதைவிட வேகம். அங்கிள், அங்கிள் என்று கூப்பிட்டே என் வயதில் பத்து வருஷத்தைக் கூட்டிவிட்டாள். பழைய கிட் தீர்ந்து அன்று காலையில்தான் புதுப் பெட்டியைப் பிரித்திருந்தாள்.

அப்போதுதான் ஒரு மகப்பேறு டாக்டர் போன் செய்தார். அவசரமாக ஒரு குழாய் வருகிறது, கையோடு ஓட்டுங்கள் என்றார். நம்மிடம் யாரும் முகத்தோடு வருவதில்லை, குழாயாகத்தான் வருகிறார்கள். இந்தக் குழாயில் பவித்ரா என்று ஒட்டியிருந்தது. மீதிக் கதையை டாக்டர் சொன்னார்.

பவித்ரா மதுரைப் பக்கத்துப் பெண். புருஷனுக்குக் கோலாலம்பூரில் கணினி வேலை, இரண்டு பேரும் வேலை விசாவில் வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஏழாம் மாதம். ஊரிலிருந்து யாரும் வர முடியாததால் அக்கம்பக்கத்து வீட்டு அக்காமார்களே சேர்ந்து போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடத்தினார்களாம். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவும், மாடியில் இருந்த சீன ஆன்டியும்கூட வளையல் போட்டுவிட்டார்கள். அடுத்த வீட்டுச் சின்னப் பையன் ஒருவன் அன்று முழுக்க அவள் மடியை விட்டு இறங்கவே இல்லை, அவள் தட்டிலிருந்தே கேசரி சாப்பிட்டான். புதன்கிழமை அந்தப் பையனுக்கு உடம்பெல்லாம் செந்தடிப்பு. தட்டம்மை.

இப்போது பவித்ராவுக்கு அது முன்னால் வந்ததா, ஊசி போட்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டு அம்மாவைக் கேட்டால், வந்தது உனக்கா உன் அக்காவுக்கா என்று ஞாபகம் இல்லையே என்று அவர் அழுகிறாராம். கர்ப்பிணிக்குத் தட்டம்மை வந்தால் நிமோனியா வரலாம், குறைப்பிரசவம் ஆகலாம், பிள்ளையே தங்காமலும் போகலாம். கர்ப்பத்தில் அந்தத் தடுப்பூசி போடவும் கூடாது. ஒரே வழி, மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடியை டிரிப்ஸில் ஏற்றுவது. அதையும் நோயாளியோடு இருந்த நாளிலிருந்து ஆறு நாளுக்குள் ஏற்ற வேண்டும். ஞாயிறிலிருந்து எண்ணினால் சனிக்கிழமை கடைசி. கையிருப்பு குறைவான மருந்து, சும்மா சந்தேகத்துக்கு ஏற்றிவிட முடியாது. ஆன்டிபாடி இருந்தால் அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. எங்கள் பதிலுக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

புருஷன்காரர் குழாயோடு கூடவே வந்து எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றார். துப்புரவு செய்கிற அக்கா வாளியோடு வெளியே போனபோதும் எழுந்து நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் முடிவு வந்தது. ஷாலினி நாற்காலியோடு சுழன்றாள். "அங்கிள், இருக்கு லா! பவித்ராவுக்கு இருக்கு." அவ்வளவு பெரிய நிம்மதி அந்த அறைக்குள். பக்கத்து மேசைக்காரர் கைதட்டினார். என் மனது குளிர்ந்துவிட்டது. அடிப்படையில் நான் ஆஸ்பத்திரிச் செய்தி என்றால் முதலில் நல்லது கேட்க ஆசைப்படுகிறவன். டாக்டருக்குப் போன் போட எண்ணைக்கூட அழுத்த ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் திரையில் அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தேன். கோசோங். காலையில் என்னைக் கேட்காமலே ஷாலினி ஒரு குப்பியை எடுத்துவிட்டாள் என்று அவளிடம் அரைமணி நேரம் முணுமுணுத்திருந்தேன். அந்தக் குப்பிக்கு நேராக, 'ஆன்டிபாடி உண்டு' என்று இருந்தது.

போனை வைத்தேன். ஷாலினி எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களுக்கு ஃப்ரீசர்ல வெச்சே மீசல்ஸ் வந்துடுச்சு போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஃப்ரீசர் பக்கம் போனேன்.

குப்பி மாறியிருக்கலாம். லேபிள் கிழிந்து வேறு ஏதாவது வந்திருக்கலாம். ஃப்ரீசரில் வேறு அடுக்கிலிருந்து இன்னொரு கோசோங் குப்பியை, மனசே இல்லாமல், உருக்கினேன். பவித்ராவின் ரத்தத்தையும் சேர்த்து மறுபடி ஓட்டினோம். அது முடிவதற்குள் டாக்டர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மறுபடியும் அதே பதில். அவளுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அவளுக்கு வந்த எண்ணும் எனக்கு வந்த எண்ணும் அடுத்தடுத்த வீடு மாதிரி கிட்டக்கிட்ட இருந்தன. கம்பெனியின் கன்ட்ரோல் இரண்டும் அழகாகப் பாஸ்.

ஷாலினி இப்போது சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "எஸ்ஓபி கையேட்டுப்படி ரன் பாஸ், அங்கிள். ரிலீஸ் பண்ணா நம்ம மேல யாரும் தப்பு சொல்ல முடியாது" என்றாள்.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கோசோங் எங்கள் வீட்டுச் சட்டம், எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. நான் அந்த முடிவைக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், பின்னால் என்ன நடந்திருந்தாலும் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அது தெரிந்ததும்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், இதற்குத்தான் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். முடிவு 'இல்லை' என்று வந்திருந்தால் ஷாலினி என்ன செய்திருப்பாள்? என்னிடம் சொல்வதற்கு முன்பே இன்னொரு தடவை ஓட்டியிருப்பாள். நானும் குழாயை மாற்று, பெயரைச் சரிபார் என்று குதித்திருப்பேன். கெட்ட செய்தியை நாம் அவ்வளவு சந்தேகப்படுகிறோம். நல்ல செய்தி வந்தால் ஆளாளுக்குக் கைதட்டிவிட்டு, இனிப்பு எங்கே என்று கேட்கிறோம். அன்றைக்கு அந்தக் கோசோங் மட்டும் ஓடியிருக்காவிட்டால் நான் போனை வைத்திருக்கவே மாட்டேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. நான் இதை நிறுத்துவது பவித்ராவுக்காகவா, இல்லை என் ரத்தத்தையே பொய் என்கிறார்களே என்கிற ரோஷத்தாலா? உறைய வைத்த சரக்கு பழசாகிக் கெட்டுப்போயிருந்தால்? ஏழு வருஷம் காத்திருந்த பெண்ணிடம், உனக்கு நல்லது என்று வந்திருக்கிறது, ஆனால் நான் நம்பமாட்டேன் என்று சொல்ல நான் யார்? கடைசியில், ரோஷமோ சந்தேகமோ, இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்று பட்டது. வேறு கம்பெனி கிட்டில் இரண்டு ரத்தத்தையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "டாக்டர், மெஷின் இருக்குன்னு சொல்லுது. நான் நம்பல."

"நம்பலன்னா? கன்ட்ரோல் பாஸ் ஆச்சா இல்லையா?"

"கம்பெனி கன்ட்ரோல் பாஸ். என் கன்ட்ரோல் ஃபெயில்."

"உங்க கன்ட்ரோல்னா எது?"

"என் ரத்தம், டாக்டர்."

இந்த ஆளை யார் சீனியர் ஆக்கினது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நான் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கிள்ளானில் ஒரு லேப்பில் வேறு கம்பெனி கிட் இருக்கிறது, ராத்திரிக்குள் சொல்லிவிடுவேன், அதுவரை அவளுக்கு ஒரு கட்டிலையும் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். சரி, இருந்தாலும் எட்டு மணிக்கு மேல் பிடித்து வைத்திருக்க மாட்டேன் என்றார்.

கிள்ளான் லேப்பில் இருந்தவர் என்னோடு படித்தவர். வீட்டுக்குக் கிளம்ப பையை எடுத்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் பையைத் திரும்ப வைத்தார். உங்கள் கீழ்க்கடை வடை பத்து தாப்பாவ் பண்ணி, பார்சலாகக் கொண்டு வந்தால் காத்திருப்பேன் என்று மட்டும் நிபந்தனை போட்டார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழை, ஃபெடரல் ஹைவே: காரில் போகிறவன் பைத்தியக்காரன். ஒரு கையில் இரண்டு ரத்தமும் வைத்த ஐஸ் பெட்டி, ஒரு கையில் வடைப் பொட்டலத்தோடு வரவேற்பறைக்கு வந்தேன். புருஷன்காரர் எழுந்து நின்றார். "சார், ரிசல்ட் வந்துருச்சா?"

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது. இன்னொரு இடத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். நானும் வரேன் சார் என்று என் பின்னாலேயே இறங்கிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் பிடித்தோம்.

சொல்கிறேன், என் வேலையிலேயே கஷ்டமான பிரயாணம் அதுதான், ஆனால் நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு சின்னப் பெண் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில், அங்கிள், என்ன ஐஸ்கிரீம் இருக்கு என்று கேட்டுவிட்டாள். அதில் என் ரத்தம் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல? வடை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். புருஷன்காரர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். பெண் பிள்ளை பிறந்தால் ஒரு பெயர், ஆண் என்றால் ஒரு பெயர், இரண்டையும் பவித்ரா பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாளாம். நானும் சும்மா இருக்க முடியாமல் கோசோங் கதையைச் சொன்னேன், குப்பி தீர்ந்துகொண்டு வருவதையும் சொல்லிப் புலம்பினேன். சார் போய் அண்ணே ஆகிவிட்டேன்.

ஷா ஆலம் தாண்டியதும் அவர் கேட்டார். "அண்ணே, இருக்குன்னு வந்தா நல்லதா, இல்லன்னு வந்தா நல்லதா?"

'இருக்கு' என்கிற பதில் ஏற்கனவே என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் ரயிலிலேயே என் காலைத் தொட்டிருப்பார்.

"உண்மையா வந்தா நல்லது, தம்பி" என்றேன். அவர் ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கிள்ளானில் இறங்கி, நனைந்து, ஓடி, நண்பர் கையில் முதலில் வடையையும் அப்புறம் பெட்டியையும் கொடுத்தேன். அவர் ஓட்டினார். நான் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். முதலில் என்னுடையதுதான் வந்தது. இல்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. நான் துள்ளிவிட்டேன். பொய் சொல்லவில்லை, கல்லூரிப் பையன் மாதிரி துள்ளினேன். நண்பர் வாயில் வடையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரி வந்தது. பவித்ராவுக்கும் ஒன்றுமில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் புருஷன்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். என் துள்ளலைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். என் உடம்பு அப்படியே கனத்துவிட்டது. பாவி மனுஷா, என்ன காரியம் பண்ணினாய் என்று என்னையே திட்டிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டேன். எட்டு அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார். கட்டில் தயார், மருந்து தயார், உடனே கூட்டி வரச் சொல்லுங்கள். போனைப் புருஷன்காரரிடம் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார், சிரிப்பு போய்விட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் நேரம் இருக்கு, இல்லண்ணே, இன்னும் நேரம் இருக்கு என்று இரண்டு தடவை கேட்டார். இருக்கு என்றேன். அந்த ஒரு 'இருக்கு' அன்றைக்கு எனக்கு முழுசாக நிச்சயம்.

நண்பர் தன் காரிலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிரவே பவித்ராவுக்கு டிரிப்ஸ் ஏற ஆரம்பித்தது, சனிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் கிட் பெட்டியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. நிஜ ரத்தத்தில் இருக்கிற கசடையெல்லாம் ஆன்டிபாடி என்று எண்ணிக்கொண்டிருந்ததாம், கம்பெனியின் சுத்தமான கன்ட்ரோலில் அந்தக் கசடு இல்லாததால் தப்பு மாட்டிக்கொள்ளவே இல்லை. ஷாலினி ஒரு வாரம் என்னை அங்கிள் என்று கூப்பிடவில்லை, பாஸ் என்றாள். அப்புறம் பழைய குருடி கதவைத் திறந்துவிட்டாள்.

ஓய்வு பெற்ற எங்கள் சீஃபுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஒரு பாராட்டு வரும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். குப்பி எத்தனை மிச்சம் என்று கேட்டார்.

அந்த அடுக்குமாடியில் யாருக்கு எப்போது செந்தடிப்பு வருமோ என்று நாங்கள் வாரக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். பவித்ராவுக்கு வரவில்லை. பையனும் தேறிவிட்டான். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் புருஷன்காரர் படியேறி வந்தார், கதவைத் தள்ளும்போதே பெண் பிள்ளை, பெண் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வந்தார். கொண்டுவந்த ஜிலேபி அன்று முழுக்க எங்கள் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. லேப்பில் அப்படி ஒரு கூத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ குழாய்கள் வந்து போயின. நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் என்கிற சமயத்தில், ஒரு நாள் ஷாலினி உள்ளே வந்து, அங்கிள், உங்களைப் பார்க்க வெளியே ஒரு விஐபி என்றாள். போய்ப் பார்த்தேன். மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண், இடுப்பில் கொழுகொழு என்று ஒரு பிள்ளை. எனக்கு யார் என்று தெரியவில்லை. பெயரைச் சொன்னாள். அத்தனை மாதமாக ஒரு குழாயாக மட்டும் தெரிந்தவள் எதிரே நிற்கிறாள், நான் சாப்பிட்டாயாம்மா என்று கேட்டேன்.

பிள்ளைக்கு ஒன்பது மாதம், இன்று தட்டம்மைத் தடுப்பூசி நாள். அன்று ஏற்றிய மருந்தெல்லாம் கரைந்து போயிருக்கும், நீயும் கூடவே போட்டுக்கொள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாயும் மகளும் கிளினிக்குக்குப் போகிற வழியில் எங்களிடம் ஏறி வந்திருக்கிறார்கள்.

"ஊசி போட்டுட்டா என் ரத்தத்துலயும் அது வந்துருமாம்ல. அதுக்கு முன்னாடி நீங்க எடுத்துக்கங்கண்ணே. உங்க குப்பி தீரப்போகுதுன்னு அவர் சொன்னாரு."

நான் பதறிவிட்டேன். அப்படியெல்லாம் தேவையில்லை, நாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம், பிள்ளை பெற்ற உடம்பு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க இருக்குன்னு சொல்லியிருந்தா, நான் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்ணே. உங்களுக்கு ஸ்வீட்டுகூட குடுத்து விட்டுருப்பேன்" என்றாள்.

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள்.